சினை நிற்காததற்குப் பசுவா காரணம்?

மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம் என மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் கலப்பினப் பசு வைத்திருக்கும் சிறு விவசாயிகளின் பொதுவான குறை ஒன்று உண்டு. "மூன்று தடவை ஊசி போட்டாயிற்று, சினை நிற்கவில்லை" என்பதே அது. பழி முதலில் ஊசி போட்டவர் மீது விழும். பிறகு பசுவின் மீது. கடைசியில் மாடு சந்தைக்குப் போகும். நல்ல கறவை மாடு இப்படி அடிமாடாய்ப் போவது குடும்பத்துக்கே நஷ்டம். ஊசி போட்ட பிறகு மாட்டின் வயிற்றுக்குள் நடப்பது தெரிந்தால், பல மாடுகளைக் கைவிட வேண்டியிராது.

உள்ளே போன விந்தணு உடனே கருமுட்டையோடு சேர்ந்துவிடாது. பெண் உறுப்புக்குள் சில மணி நேரம் தங்கிப் பக்குவப்பட்ட பிறகே அதற்கு அந்தச் சக்தி வருகிறது. 1951-ல் அமெரிக்காவில் சாங் என்பவரும் ஆஸ்திரேலியாவில் ஆஸ்டின் என்பவரும் தனித்தனியே இதைக் கண்டறிந்தனர். பசுவில் இதற்கு ஏறத்தாழ 6 மணி நேரம் ஆகும். அதுவரை விந்தணு கருக்குழாயின் உட்சுவரைப் பிடித்துக்கொண்டு, நாற்றங்காலில் நாற்று காத்திருப்பதுபோல் காத்திருக்கிறது. இந்தப் பிடிமானத்தைத் தருபவை காளையின் விந்துநீரிலிருந்து விந்தணுவின் மேல் படியும் சில புரதங்களே.

முட்டையை அடைந்த பிறகும் ஒட்டினால்தான் சினை. விந்தணுவின் மேலுள்ள ஒரு புரதமும் முட்டையின் மேலுள்ள இன்னொரு புரதமும் பூட்டும் சாவியும்போல் பொருந்தவேண்டும். முதலாவதை 2005-ல் ஜப்பானியர் எலிகளில் கண்டறிந்து, தங்கள் நாட்டில் திருமணத்துக்குப் பேர்போன கோயிலின் பெயரால் 'இசுமோ' என்றனர். அதன் ஜோடியை 2014-ல் இங்கிலாந்தில் கண்டுபிடித்து, ரோமானியரின் திருமணத் தெய்வமான 'ஜூனோ'வின் பெயரைச் சூட்டினர். பொருத்தமான பெயர்கள்தாம்! இசுமோ இல்லாத ஆண் எலியின் விந்தணு முட்டை வரை போயும் சேரமுடியாமல் நின்றுவிடுகிறது.

உறைவிந்து பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி குளிரில் கிடந்து வருவது. அந்தக் குளிரில் விந்தணுவின் மேற்பரப்பு கொஞ்சம் சிதைகிறது, ஆயுளும் குறைகிறது. ஆகவே உறைவிந்துக் குச்சியை 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் வைத்து உருக்கவேண்டும். சட்டைப்பையில் வைத்தோ உள்ளங்கையில் தேய்த்தோ உருக்குவதை விவசாயி அனுமதிக்கக் கூடாது. கேட்பதில் தவறில்லை, மாடு அவருடையது.

பசுவின் பருவம் 12 முதல் 18 மணி நேரம். அது அடங்கி 10, 12 மணி நேரம் கழித்தே முட்டை வெளிவரும். வந்த முட்டைக்கு அரை நாள்கூட உயிர் இருப்பது அரிது. காலையில் கத்திய மாட்டுக்கு அப்போதே ஊசி போட்டால், முட்டை வருமுன் விந்தணு ஓய்ந்துவிடும். மறுநாள் மாலை போட்டால் முட்டை கெட்டிருக்கும். காலையில் பருவம் கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் போடுவதே சரி.

ஒரே ஒரு மாடு வைத்திருப்பவர்பாடுதான் கஷ்டம். மேலே தாவ வேறு மாடு இல்லை. கண்ணாடிபோன்ற வழும்பு ஒழுக்கு, அடிக்கடி சிறுநீர், பால் குறைவு ஆகியவற்றைத்தான் பார்க்கவேண்டும். எருமை இன்னும் மோசம். கோடையில் கத்தாமலே பருவம் போய்விடும். விடியுமுன்னும் இரவிலும் ஒருமுறை பார்த்தாக வேண்டும்.

ஒரு பருவம் தவறினால் 21 நாள் வீண். நாளொன்றுக்குத் தீவனம் 150 ரூபாய் என்று வைத்தாலும் 3,150 ரூபாய். காலையில் பருவம் கண்ட மாட்டுக்கு மாலையில் ஊசி வேண்டும் என்பது விஞ்ஞானம் சொல்வது. விவசாயியின் சௌகரியத்துக்காகக் கேட்பதல்ல. எனவே மாலையிலும் விடுமுறை நாளிலும் ஊசி போட ஆள் கிடைக்குமாறு கால்நடைத் துறையும் பால் கூட்டுறவு சங்கங்களும் ஏற்பாடு செய்யவேண்டும். மாலைக் கறவைக்குச் சங்கத்தில் பால் ஊற்ற வருகிறவர்கள், அங்கேயே ஒரு நோட்டில் மாட்டின் பருவத்தைப் பதிந்துபோக வழி செய்தால்கூடப் போதும்.