நித்தியகல்யாணி: இலை வேறு, மருந்து வேறு

தமிழ்நாட்டில் நித்தியகல்யாணிச் செடியைப் பார்க்காதவர் இருக்க முடியாது. வேலியோரம், கோயில் மதிலோரம், ரயில் பாதையின் இருபுறம், ஏன், மயானக் கரையிலும்கூட அது பூத்து நிற்கும். யாரும் விதைப்பதில்லை, யாரும் நீர் வார்ப்பதில்லை. ஆடு மாடுகள்கூட அதில் வாய் வைப்பதில்லை. கோடையிலும் பூக்கும், மழையிலும் பூக்கும். அதனால்தான் நித்தியகல்யாணி என்று பெயர். மயானத்தில் மண்டிக் கிடப்பதைக் கண்டவர்கள் சுடுகாட்டு மல்லி என்று இன்னொரு பெயரையும் சூட்டிவிட்டார்கள்.

மடகாஸ்கர் தீவிலிருந்து உலகெங்கும் பரவிய இந்தச் செடியிலிருந்துதான் புற்றுநோய்க்கு இரண்டு அரிய மருந்துகள் கிடைத்திருக்கின்றன. ஒன்று வின்பிளாஸ்டின்; மற்றொன்று வின்கிரிஸ்டின். குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயைக் குணப்படுத்தும் சிகிச்சையில் வின்கிரிஸ்டின் இன்றும் இன்றியமையாத மருந்து.

இந்த நல்ல செய்தி ஊர் ஊராகப் பரவியதில் வியப்பில்லை. ஆனால் அதன் பின்னாலேயே வேறொரு பேச்சும் பரவியிருக்கிறது. "இந்த இலையைப் பறித்துக் கஷாயம் வைத்துக் குடித்தால் புற்றுநோய் தீரும், ஆஸ்பத்திரி எதற்கு?" என்பதே அந்தப் பேச்சு. முதற்செய்தி எவ்வளவு உண்மையோ, இந்தப் பேச்சு அவ்வளவு பொய். பொய் மட்டுமல்ல, ஆபத்தும்கூட. இலை எப்படி மருந்தாயிற்று என்ற வரலாற்றைத் தெரிந்துகொண்டால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தானே விளங்கும்.

தபாலில் வந்த 25 இலைகள்

1952-ம் ஆண்டு. கனடா நாட்டில் டாக்டர் கிளார்க் நோபிள் என்பவருக்கு ஜமைக்கா தீவிலிருந்து ஓர் உறை வந்தது. அதற்குள் 25 நித்தியகல்யாணி இலைகள் இருந்தன. ஜமைக்கா மக்கள் அந்த இலையைத் தேநீர்போல் காய்ச்சி நீரிழிவு நோய்க்குக் குடித்து வந்தார்கள். இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்ட நாட்களில் அந்த ஆராய்ச்சிக் குழுவினரோடு பணியாற்றியவர் கிளார்க் நோபிள். ஆகவே நீரிழிவுக்கு மருந்து என்றதும் அவருக்கு ஆவல் பிறந்தது. மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துவந்த தம் சகோதரர் ராபர்ட் நோபிளுக்கு அந்த இலைகளை அனுப்பிவைத்தார்.

ராபர்ட் நோபிள் இலைச் சாற்றை எலிகளுக்குப் புகட்டிப் பார்த்தார். ரத்தத்தில் சர்க்கரை குறையவே இல்லை. நாட்டு மருந்து தோற்றுவிட்டது என்று அத்தோடு ஏட்டை மூடியிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது. அவர் மூடவில்லை. சாற்றை ஊசி மூலம் எலிகளின் உடலில் செலுத்திப் பார்த்தார். ஒரு வாரத்துக்குள் எலிகள் இறந்துபோயின.

ஏன் இறந்தன? இந்தக் கேள்விதான் புதையலின் சாவி. எலிகளைப் பரிசோதித்தபோது அவை கிருமி தாக்கி இறந்திருப்பது தெரிந்தது. கிருமிகளை எதிர்த்து நிற்க வேண்டிய வெள்ளணுக்கள் ரத்தத்தில் வெகுவாகக் குறைந்திருந்தன. அந்த அணுக்களை உற்பத்தி செய்யும் எலும்பு மஜ்ஜையும் வாடியிருந்தது.

வேறொருவராக இருந்தால், "இது விஷச்செடி" என்று எழுதி முடித்திருப்பார். நோபிள் வேறுவிதமாக யோசித்தார். ரத்தப் புற்றுநோய் என்பது வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் நோய் அல்லவா? வெள்ளணுக்களைக் குறைக்கும் பொருள் ஒன்று இலையில் இருக்குமானால், அந்த நோய்க்கு அது உதவக்கூடுமே!

1954-ம் ஆண்டில் சார்லஸ் பீர் என்ற ரசாயன நிபுணர் அவருடன் சேர்ந்தார். இலையில் பல டஜன் பொருள்கள் கலந்திருக்கின்றன. அவற்றில் வேலை செய்வது எது என்று ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துச் சோதிப்பது பொறுமையைச் சோதிக்கும் காரியம். கனடாவின் குளிரில் செடியே வளராது. கண்ணாடிக் கூடாரங்களில் வளர்த்தார்கள். ஆண்டுக்கணக்கில் உழைத்து வின்பிளாஸ்டினைத் தனியே பிரித்தார்கள். 1958-ம் ஆண்டு நியூயார்க்கில் நடந்த விஞ்ஞானிகள் கூட்டத்தில் அதை அறிவித்தார்கள்.

அதே காலத்தில், அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரிலுள்ள லில்லி மருந்துக் கம்பெனியும் இதே செடியைப் பரிசோதித்துக்கொண்டிருந்தது. அங்கே கோர்டன் ஸ்வபோடா என்பவரும் அவருடைய சகாக்களும், ரத்தப் புற்றுநோய் கண்ட சுண்டெலிகள் இந்தச் சாற்றினால் கூடுதல் நாள் உயிர் வாழ்வதைக் கண்டார்கள். வின்கிரிஸ்டின் அங்கேதான் பிரித்தெடுக்கப்பட்டது. 1963-ம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் அதை மருந்தாக அங்கீகரித்தது.

உயிரணுவுக்குள் நடப்பது என்ன?

உடலிலுள்ள உயிரணு ஒன்று இரண்டாகப் பிரியும்போது, அதன் உள்ளே நுண்ணிய இழைகள் உருவாகின்றன. பரம்பரைக் குணங்களைத் தாங்கிய குரோமோசோம்களைச் சரிபாதியாகப் பங்கிட்டு இருபுறமும் இழுத்துச் செல்வது அந்த இழைகளின் வேலை. இழைகள் டியூபுலின் என்ற புரதத்தால் ஆனவை. நித்தியகல்யாணி மருந்து அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது, இழை கட்டப்படுவதில்லை. பங்கு பிரிக்க முடியாமல் உயிரணு பாதி வழியில் நின்று மடிகிறது.

புற்றுநோய் அணுக்கள் ஓயாமல் பிரிபவை. ஆகவே அடி அவற்றின் மீது பலமாக விழுகிறது. ஆனால் நல்ல அணுக்களும் தப்புவதில்லை. முடி உதிர்வதற்கும், வெள்ளணு குறைவதற்கும் இதுவே காரணம்.

இன்னொரு விந்தையையும் கவனிக்க வேண்டும். வின்பிளாஸ்டினும் வின்கிரிஸ்டினும் உடன்பிறந்தவை போன்றவை. இரண்டின் அமைப்பிலும் உள்ள வேறுபாடு மிகமிகச் சிறிது. ஆனால் குணமோ வேறு. வின்பிளாஸ்டின் எலும்பு மஜ்ஜையை வாட்டும். வின்கிரிஸ்டின் மஜ்ஜையை அவ்வளவாகத் தொடாமல் நரம்புகளைத் தாக்கும். அளவு மீறினால் விரல்கள் மரத்துப்போகும், கால்கள் தளரும். ஒரே இலையில் பிறந்த இரண்டு பொருள்களுக்கே இத்தனை வேறுபாடு என்றால், எல்லாம் கலந்த கஷாயத்தை எந்த அளவில், யாருக்கு, எத்தனை நாள் கொடுப்பது?

ஒரு மருந்து போதவில்லை

மருந்து கிடைத்ததும் நோய் ஓடிவிடவில்லை. போஸ்டன் நகரக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் டாக்டர் சிட்னி பார்பர் 1948-ம் ஆண்டிலேயே ஒரு பாடத்தைக் கண்டிருந்தார். ரத்தப் புற்றுநோயால் வாடிய 16 குழந்தைகளுக்கு அவர் அமினாப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்தார். அந்த மருந்தை உருவாக்கிய லெடர்லி ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற எல்லாப்ரகட சுப்பாராவ். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது. மருத்துவ உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆனால் சில மாதங்களில் நோய் திரும்பி வந்தது. புற்றுநோய் அணுக்கள் ஒற்றை மருந்துக்குப் பழகிவிடும் என்பது அந்தப் பாடம். சுப்பாராவும் அதே 1948-ம் ஆண்டு ஆகஸ்டில் காலமானார்.

1962-ம் ஆண்டில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் எமில் பிரை, எமில் பிரைரைக் என்ற இரு டாக்டர்கள் துணிந்து ஒரு காரியம் செய்தார்கள். வின்கிரிஸ்டின், மெத்தோட்ரெக்சேட், மெர்காப்டோப்யூரின், பிரெட்னிசோன் ஆகிய நான்கு மருந்துகளையும் ஒருங்கே கொடுத்தார்கள். ஒவ்வொன்றும் நோயை ஒவ்வொரு வழியில் தாக்கும். ஆனால் ஒவ்வொன்றின் தீங்கும் உடலில் வெவ்வேறு இடத்தில் விழும். "சாகப்போகிற குழந்தையை இப்படி வதைக்கலாமா?" என்று சக டாக்டர்களே கேட்டார்கள். ஆயினும் நோய் முன்னைவிட நீண்ட காலம் அடங்கியிருந்தது.

பிறகும் ஒரு தடை எழுந்தது. மருந்து எளிதில் எட்டாத மூளையில் ஒளிந்துகொண்டு நோய் திரும்பியது. மெம்பிஸ் நகரில் செயின்ட் ஜூட் ஆஸ்பத்திரியை நடத்திவந்த டாக்டர் டொனால்ட் பிங்கெல், மூளைக்கும் தண்டுவடத்துக்கும் தனிச் சிகிச்சை சேர்த்தார். 1960-களின் இறுதியில் அவருடைய சிகிச்சை முறையில் ஏறக்குறையப் பாதிக் குழந்தைகள் பிழைத்தார்கள். அதன்பின் மருந்தின் அளவையும் வரிசையையும் சோதனைமேல் சோதனை செய்து திருத்தித் திருத்தி, செல்வ நாடுகளில் இன்று 10 குழந்தைகளில் 9 பேர் பிழைக்கும் நிலை வந்திருக்கிறது. புதிய மருந்துகள் பின்னர் வந்தன என்பது உண்மை. ஆனால் இந்த வெற்றியின் பெரும்பகுதி பழைய மருந்துகளையே பொறுமையாகச் சோதித்துச் சீராக்கியதால் வந்தது.

நம் நாட்டில்

இந்தச் சோதனையில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் நிலையம், மும்பை டாட்டா நினைவு ஆஸ்பத்திரி, டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் ஆகிய மூன்றும் ஒரே சிகிச்சை முறையை 1984-ம் ஆண்டு முதல் பல ஆண்டுகள் கையாண்டு, கணக்கெடுத்தன. அதற்கு முன்பு 100 நோயாளிகளில் 20 பேர் பிழைப்பதே அரிதாக இருந்தது. புதிய முறையில், நான்கு ஆண்டு கழிந்தும் நோய் திரும்பாதவர்கள் அந்தந்த இடத்துக்கேற்ப 100-க்கு 41 முதல் 60 வரை என்று கணக்கு காட்டியது.

மேல்நாட்டு முறையைக் கண்ணை மூடிக்கொண்டு நகல் எடுப்பதால் மட்டும் இது கிடைக்கவில்லை. நம் குழந்தைகள் பலர் சோகையோடும், சத்துக் குறைவோடும், நோய் முற்றிய பிறகும் வருகிறார்கள். அவர்கள் உடல் எவ்வளவு மருந்தைத் தாங்கும் என்பதை நம் ஆஸ்பத்திரிகளில்தான் கண்டறிய முடியும்.

பாதியில் நிற்கும் சிகிச்சை

குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள் நீடிப்பது. முதல் ஒரு மாதத்திலேயே காய்ச்சல் தணிந்து, குழந்தை எழுந்து விளையாடத் தொடங்கிவிடும். "நோய் போய்விட்டது" என்று பெற்றோர் நினைக்கிறார்கள். போகவில்லை, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஒடுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் சிகிச்சையை நிறுத்தினால் நோய் மீண்டும் வரும். பழைய மருந்துக்கு அடங்காத பலத்தோடு வரும்.

நிறுத்துவதற்குக் காரணம் அறியாமை மட்டும் அல்ல. கிராமத்திலிருந்து நகரத்துக்கு வாரந்தோறும் பஸ் ஏற வேண்டும். கூடவே வரும் தகப்பனுக்கு அன்றைய கூலி போயிற்று. வீட்டில் மற்றக் குழந்தைகளைப் பார்க்க ஆள் இல்லை. அந்தச் சமயத்தில்தான், "ஊசியெல்லாம் எதற்கு? வேலியில் இருக்கிறதே இலை!" என்று யாராவது காதில் ஓதுகிறார்கள். களைத்துப்போன மனம் அதை நம்பிவிடுகிறது.

அவர்களுக்கு ஒரு விவரம் சொல்ல வேண்டும். நம் தென் மாவட்டங்களின் வானம் பார்த்த பூமியில் விவசாயிகள் நித்தியகல்யாணியைப் பயிர் செய்கிறார்கள். அதன் இலையும் வேரும் மூட்டை மூட்டையாக மருந்துத் தொழிலுக்குப் போகின்றன. ஏன் அத்தனை மூட்டை? ஒரே ஒரு கிராம் மருந்து எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலை வேண்டும் என்பதால்தான். ஒரு பிடி இலையைக் கொதிக்க வைத்தால் மருந்து தேவையான அளவில் வராது; உடலுக்கு ஆகாத மற்றப் பொருள்கள் மட்டும் தாராளமாக வரும். மேலும், வின்கிரிஸ்டின் வாய்வழி மருந்தே அல்ல. நோயாளியின் உடல் அளவைக் கணக்கிட்டு, மில்லிகிராம் அளவில், ரத்தக் குழாயில் மட்டுமே செலுத்த வேண்டியது. குழாயை விட்டுக் கசிந்தால் சதை வெந்து புண்ணாகும். தவறித் தண்டுவட நீரில் செலுத்தினால் உயிரே போய்விடும். தேர்ந்த நர்சுகளே பயந்து பயந்து கையாளும் பொருளை அடுப்படியில் அளக்க முடியுமா?

செய்ய வேண்டியது

நாட்டு வைத்தியத்தை இகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஜமைக்கா மக்கள் அந்த இலையைப் பயன்படுத்தியிராவிட்டால் 25 இலைகள் கனடாவுக்குப் போயிருக்காது. பாட்டியின் சொல் ஆராய்ச்சிக்கு நல்ல தொடக்கம். ஆனால் அதுவே முடிவு ஆகாது. நீரிழிவுக்கு என்று சொன்ன இலை நீரிழிவுக்கு உதவாமல், யாரும் நினையாத வேறொரு நோய்க்கு உதவியது. சோதித்ததால்தானே அது தெரிந்தது?

ஆகவே, "இது புற்றுநோயைத் தீர்க்கும்" என்று யார் சொன்னாலும் மக்கள் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. எத்தனை நோயாளிகளுக்குக் கொடுத்தீர்கள்? எத்தனை பேர் பிழைத்தார்கள்? எத்தனை ஆண்டு பார்த்தீர்கள்? வேறு சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டீர்களா? சோதனைச்சாலைக் கண்ணாடித் தட்டில் புற்றுநோய் அணுவைக் கொன்றது என்பது மட்டும் பதில் ஆகாது. தட்டில் உள்ள அணுவைக் கொதிநீரும்தான் கொல்லும். நோயாளியை விட்டுவிட்டு நோயை மட்டும் கொல்லுமா என்பதே கேள்வி. இதே கேள்விகளை ஆங்கில மருந்துக் கம்பெனிகளிடமும் கேட்கத்தான் வேண்டும்.

அரசாங்கத்துக்கும் தர்மவான்களுக்கும் ஒரு சொல். தமிழ்நாட்டில் ஏழைகளின் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கிறது. மருந்துச் செலவோடு கடமை முடிந்துவிடவில்லை. ஆஸ்பத்திரி அருகே தங்க ஓர் அறை, இருவேளைச் சாப்பாடு, பஸ் செலவு, வராத நாளில் வீடு தேடிப்போய் விசாரிக்க ஓர் ஊழியர்: இவையும் சிகிச்சையின் பகுதியே. இவை இல்லாமல் பாதியில் நின்றுபோகும் குழந்தைக்கு, உலகின் சிறந்த மருந்து இருந்தும் பயன் என்ன?

நித்தியகல்யாணியை மருந்தாக்க ஆராய்ச்சியாளர்கள் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டார்கள். அந்த மருந்து நம் ஊர்க் குழந்தையைக் கடைசி ஊசி வரை சென்றடையும்படி செய்வது நம் பாடு.