மூட்டைக்கு விலக்கு, படிக்கு வரி

ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு இந்தத் தலையங்கத்தைத் தொடங்குகிறேன். 2022 ஜூலை 16, சனிக்கிழமை. செங்கல்பட்டு பஜாரில் நான் இரண்டு மூட்டை அரிசி வாங்கினேன். 25 கிலோ மூட்டை. கூடவே துவரம்பருப்பு, உளுந்து, கோதுமை மாவு. திங்கட்கிழமை, ஜூலை 18 முதல் பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கும் பருப்புக்கும் மாவுக்கும் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று அறிவிப்பு வந்திருந்தது. அரிசி மண்டி வாசலில் ஸ்கூட்டரும் காரும் நின்றன. வாத்தியார்கள், ஆபீஸ்காரர்கள், ஓ.எம்.ஆர். பக்கம் அடுக்குமாடியில் குடியிருக்கிற கம்பெனிக்காரர்கள். எல்லோரும் மாதச் சம்பளக்காரர்கள். நானும் அவர்களில் ஒருவனாகத்தான் நின்றேன்.

மறுவாரம் திருக்கழுக்குன்றம் பக்கத்துக் காலனியிலிருந்து சின்னம்மா வந்தது. கூடத்தில் அடுக்கியிருந்த மூட்டையைப் பார்த்தது.

"இன்னாப்பா, ரெண்டு மூட்ட எறக்கி வச்சிருக்க. வெல ஏறப்போவுதுன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"பேப்பர்ல போட்டிருந்தான் சின்னம்மா."

"எனக்கு ஒரு வார்த்த சொல்லலியே?"

"சொல்லியிருந்தா மட்டும் நீ இன்னா பண்ணியிருப்ப?"

"நான் ஒருத்தி இன்னா பண்ணுவேன். தெருவுல பத்து பேரு இருக்கோம் இல்ல?"

அந்தப் பதில் என்னை இன்னும் விடவில்லை. அதனால்தான் இத்தனை வருஷம் கழித்தும் அதை எழுதுகிறேன்.

தோழர்களே, இந்த வரி எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்வோம். வரி என்றாலே ஆடிட்டர் சமாச்சாரம் என்று நாம் ஒதுங்கிப் போகிறோம். நாம் ஒதுங்குகிற இடத்தில்தான் நம்மை மொட்டையடிக்கிறார்கள்.

2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்தபோது, பதிவு செய்த பிராண்டு பெயரில் விற்கிற அரிசிக்கு மட்டும்தான் 5 சதவீதம். 2022 ஜூன் கடைசியில் சண்டிகரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் அதை மாற்றியது. பிராண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், முன்கூட்டியே பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டினால் வரி உண்டு. ஆனால் ஒரு வரம்பு வைத்தார்கள்: 25 கிலோ வரைக்கும்தான். அதற்கு மேல் போனால் சில்லறைப் பொட்டலம் இல்லை, மொத்தச் சரக்கு, வரி இல்லை. ஆலைக்காரர்கள் என்ன செய்தார்கள்? 26 கிலோ மூட்டை போட்டார்கள். 30 கிலோ மூட்டை போட்டார்கள். ஒரே ஒரு கிலோ கூடினால் வரி மாயமாய் மறைகிறது.

இதன் அர்த்தம் என்ன? 26 கிலோவை ஒரே நாளில் வாங்க முடிந்தவனுக்கு விலக்கு. 5 கிலோ பை வாங்குகிறவனுக்கு வரி. எவ்வளவு சின்னதாய் வாங்குகிறாயோ அவ்வளவு மாட்டிக்கொள்கிறாய்.

உதிரியாக விற்றால் வரி இல்லை என்று ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 14 பொருட்களின் பட்டியலை வெளியிட்டார். காகிதத்தில் சரிதான். காலனி முனையில் இருக்கிற பொட்டிக்கடையில் வந்து பார்க்க வேண்டும். அந்தக் கடைக்காரரும் நம்மைப் போல் இல்லாதவர்தான். அவர் 25 கிலோ மூட்டை எடுத்துவந்து பிரித்துப் படியால் அளந்து விற்றால், மூட்டைக்குக் கொடுத்த வரியை யாரிடம் திரும்பக் கேட்பார்? வரியில்லாத உதிரிச் சரக்குக்கு உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. அது அப்படியே படி விலையில் ஏறும். பில் இல்லை, வரி என்ற பேரும் இல்லை. கொடுக்கிறவளுக்குத் தான் வரி கொடுத்தது தெரியாது. "இந்த சனங்க இன்னா வரி கட்டுது?" என்று ஊரிலே நம்மைப் பார்த்துக் கேட்கிறானே, அந்தக் கேள்வி இப்படித்தான் பிறக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்த 5 சதவீதத்தில் பாதி மாநிலத்துக்கு. டெல்லியைத் திட்டிவிட்டு சென்னையை விட்டுவிடுகிற அரசியல் நமக்கு உதவாது.

கணக்குப் பார்ப்போம். மூட்டை 1200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முன்கூட்டி வாங்கினால் மிச்சம் 60 ரூபாய். அந்த வருஷம் நூறு நாள் வேலைக்கு அரசு அறிவித்த கூலி தமிழ்நாட்டில் 281 ரூபாய். நான்கு நாள் கூலியை மொத்தமாய்க் கொடுத்தாலும் ஒரு மூட்டை வராது. கையில் நான்கு நாள் கூலி மீதி இருந்தால் அது கூலிக்காரியின் வீடாகவே இருக்காது. மளிகைக்கடை நோட்டில் பாக்கி இருக்கும். சுய உதவிக் குழுத் தவணை இருக்கும். ஆக, 60 ரூபாயை மிச்சப்படுத்த முதலில் 1200 ரூபாய் வேண்டும். இல்லாதவன் என்பதற்காகவே அதிகம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

'ரேஷன் அரிசி சும்மா கிடைக்குதே' என்பார்கள். கிடைக்கிறது, அதை நாம் குறைத்துச் சொல்ல மாட்டோம். ரேஷன் கடை இல்லாவிட்டால் நம் அடுப்புகளில் பாதி எரியாது. ஆனால் நான்கு பேர் கார்டுக்கு 20 கிலோ. ஒரு நாளைக்கு ஒன்றேகால் கிலோ வடிக்கிற வீட்டில் 16 நாளில் தீர்ந்துவிடும். பருப்பு ஒரு கிலோ, பாமாயில் ஒரு லிட்டர். மீதி நாளுக்கு பஜார்தான், படிதான், வரிதான்.

வாங்குவதற்குப் பணம் வந்தாலும் வைப்பதற்கு இடம் வேண்டுமே? சின்னம்மா வீடு ஒற்றை அறை. மழைக்கு ஒழுகும், எலி வரும். மூட்டையை எங்கே வைப்பது? இது வீட்டுப் பிரச்சினை மட்டுமில்லை, நிலப் பிரச்சினை. நிலம் இருந்தவன் வீட்டில் குதிர் இருந்தது. குதிர் இருந்தவனுக்கு விலை ஏறுகிற வரைக்கும் காத்திருக்க முடிந்தது. படியாளுக்கு அன்றன்றைக்கு அளந்து போட்டார்கள்.

இதே செங்கல்பட்டு ஜில்லாவின் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை அதைத்தான் சொன்னது. மிராசுதார் முறையில் பறையர்களுக்கு நிலம் எட்டாமல் போனதையும், குடியிருக்கிற மனையைக்கூட ஆண்டையின் பிடியில் வைத்திருந்ததையும் அவர் அரசாங்கத்துக்கு எழுதினார். அதன் விளைவுதான் 1892இன் பஞ்சமி நில ஆணை. அந்த நிலங்கள் கைமாறிப்போன கதை உங்களுக்குத் தெரியும். 1994 அக்டோபர் 10இல், காரணை பஞ்சமி நிலத்துக்காக செங்கல்பட்டில் திரண்ட மக்கள் மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரை விட்டார்கள். அவர்கள் கேட்டது மண். மண் இருந்தால் குதிர் இருக்கும். குதிர் இருந்தால் ஒரு திங்கட்கிழமை அறிவிப்பைக் கண்டு நடுங்க வேண்டியதில்லை.

அந்த ஜூலை 18க்குப் பதினோராம் நாள் மாமல்லபுரம் பூஞ்சேரியில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் போட்டிகள் தொடங்கின. கடற்கரைச் சாலை பளபளத்தது. விருந்தாளிகளை வரவேற்றது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சாலையோரத்தில் பாசிமணி விற்கிறவர்களும், பக்கத்துக் கிராமங்களில் எலி பிடித்தும் கூலிக்குப் போயும் பிழைக்கிற இருளர் சனங்களும் அன்றைய அரிசியை அன்றைக்குத்தான் வாங்கினார்கள். அவர்களுடைய அரிசி விலை எந்தப் பேப்பரிலும் முதல் பக்கத்துக்கு வரவில்லை.

விலை ஏறும்போது மட்டுமா? இறங்கும்போதும் இதே கதைதான். 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலை எண்ணெய்க்கு வரி 18லிருந்து 5ஆகக் குறைந்தது. அறிவிப்பு செப்டம்பர் 3ஆம் தேதியே வந்துவிட்டது. பொறுத்திருக்க முடிந்தவர்கள் பொறுத்திருந்து வாங்கினார்கள். ஒரு ரூபாய் ஷாம்பு வாங்குகிறவள் இன்றைக்குத் தலை குளிக்காமல் 19 நாள் இருப்பாளா? அந்த ஒரு ரூபாயில் வரிக்குறைப்பு 11 காசு. 11 காசைச் சில்லறையாக எந்தக் கடையில் தருவார்கள்? லேபிள் ஒட்டிய அரிசி மீதான 5 சதவீதமோ அப்போதும் போகவில்லை.

1927இல் பம்பாய் சட்டசபையில் பட்ஜெட் மீது பேசிய அண்ணல் அம்பேத்கர், வருமான வரிக்கு ஒரு கீழ்வரம்பு இருக்கும்போது சின்னஞ்சிறு விவசாயியின் நிலவரிக்கு ஏன் அந்த வரம்பு இல்லை என்று வாதாடினார். தாங்குகிற சக்தியைப் பார்த்து வரி போடு என்பதுதான் அதன் சாரம். இன்றைக்கு வருமான வரிக்கு வரம்பு உண்டு. சோற்றுக்கு வரம்பு உண்டு, ஆனால் தலைகீழாக: 25 கிலோவுக்கு மேலே போனவனுக்குத்தான் விலக்கு.

இனி சின்னம்மாவின் பதிலுக்கு வருகிறேன். நான் வாங்கியது அதற்குக் குறையாகப் படவில்லை. சொல்லாமல் வாங்கியதுதான் குறை. இட ஒதுக்கீட்டில் வேலைக்குப் போய், நகரத்தில் வீடு எடுத்து, பேப்பர் படிக்கிற நாம், தெரிந்துகொண்டதைத் தெருவுக்குச் சொல்வதில்லை. மேடையில் விடுதலை பேசுகிறோம். மண்டி வாசலில் தனித்தனியாக நிற்கிறோம். ஆதிக்கசாதிக்காரன் செய்தால் பதுக்கல் என்று திட்டுகிறோம். நாமே செய்தால் முன்யோசனை என்கிறோம்.

பத்து வீடு சேர்ந்தால் மூன்று 30 கிலோ மூட்டை, ஆளுக்கு 9 கிலோ. மூட்டை 1440 ரூபாய் என்றால் வீட்டுக்கு 432 ரூபாய். அதையும் சீட்டுப் போல வாரா வாரம் சேர்க்கலாம். அரிசியைப் பிரித்துக்கொள்ள ஒரு தராசும் ஒரு திண்ணையும் போதும். கல்லூரித் தோழர்கள் கணக்கு எழுதட்டும். சம்பளக்காரத் தோழர்கள் முதல் மாத முன்பணத்தைக் கொடுக்கட்டும். தருமமாக இல்லை, சீட்டில் ஒரு பங்காளியாக.

இது புரட்சி இல்லை என்று எனக்குத் தெரியும். வரியை இது ஒழிக்காது. அரிசி, பருப்பு மீதான வரியை முற்றாக எடு, ரேஷனில் பருப்பையும் எண்ணெயையும் கூட்டு, பஞ்சமி நிலத்தை மீட்டுக் கொடு என்று கேட்பதை நாம் ஒருநாளும் நிறுத்தப் போவதில்லை. ஆனால் கேட்கிறவர்கள் ஒன்றாக நிற்கப் பழக வேண்டுமே. ஊர்வலத்துக்கு வா என்று மட்டும் கூப்பிட்டால் சனங்கள் எத்தனை தடவைதான் வருவார்கள்? மூட்டை வாங்கப் போகும்போதும் கூப்பிடுவோம்.

அடுத்த தடவை இப்படி ஒரு திங்கட்கிழமை வருகிறது என்று தெரிந்தால், சனிக்கிழமையே நான் திருக்கழுக்குன்றம் பஸ் ஏறுவேன். நீங்களும் உங்கள் ஊர் பஸ்ஸைப் பிடியுங்கள்.