உள்ளே இருந்தவர்களை எங்கே வைப்பது?

மாடல் கட்டுகிறவர்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. நானும் பதினோரு வருஷமாக அதே பசையை மோந்துகொண்டு அதே மாதிரி மேசையில் உட்கார்ந்திருக்கிறவன். அதனால் இதை உள்வீட்டுச் சண்டை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். போரில் ஓடிய டேங்க், கவச வண்டி இவற்றைச் சிறிய அளவில் பிளாஸ்டிக்கில் கட்டிப் பெயின்ட் அடிக்கிற பொழுதுபோக்கு இது. பெரும்பாலும் 1/35 அளவு. நிஜத்தில் முப்பத்தைந்து அடி இருப்பது மேசையில் ஓர் அடி. ஏன் முப்பத்தைந்து? ஜப்பானின் டாமியா கம்பெனி 1960களின் தொடக்கத்தில் மோட்டாரில் ஓடுகிற ஒரு பாந்தர் டேங்க் செய்தது. பாட்டரி உள்ளே அடங்குகிற மாதிரி உடம்பை வடிவமைத்ததில் கணக்கு முப்பத்தைந்தில் ஒரு பங்குக்கு வந்து நின்றது. அதுவே பிறகு ஊர் உலகத்துக்கெல்லாம் அளவாகிவிட்டது. துல்லியம் துல்லியம் என்று உயிரை விடுகிற எங்கள் கூட்டத்தின் ஆதி அளவே பாட்டரி போட்ட பிச்சைதான்.

என் ஊர் கொற்கை. பாண்டியனின் முத்துத் துறைமுகம் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். இப்போது வந்தால் வாழையும் வயலும்தான் பார்ப்பீர்கள். தாமிரபரணி மண்ணைக் கொண்டுவந்து கொட்டக் கொட்ட, கடல் சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. இந்த ஊரில் உட்கார்ந்து ஜெர்மன் டேங்க் கட்டுகிறவன் எப்படிப் பார்க்கப்படுவான் என்று சொல்ல வேண்டியதில்லை. “ஏல, பிள்ளை பெத்த பெறகும் பொம்ம வச்சு வெளாடிட்டு இருக்கியே, வெக்கமா இல்லையா?” என்று பெரியம்மை கேட்காத நாள் கிடையாது.

என் சண்டை பெரியம்மையோடு இல்லை. சில வருஷம் முன்னால் சென்னையில் ஒரு கண்காட்சிக்கு என் டைகர் டேங்கை எடுத்துப் போனேன். ஆறு மாத உழைப்பு. 1943 ஜூலையில் குர்ஸ்க் போரில் இறங்கிய டைகர், எஸ்.எஸ். படையின் டாஸ் ரைக் டிவிஷன் சின்னத்தோடு. வந்து பார்த்தவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றி மாட்டிவிட்டுச் சொன்னார்: “தம்பி, இதுல சிம்மரிட் வரக்கூடாது.” சிம்மரிட் என்பது காந்தக் கண்ணிவெடி ஒட்டாமல் இருக்க டேங்க் மேல் பூசிய ஒருவகைக் காரைப் பூச்சு. 1943 கடைசியிலிருந்து 1944 செப்டம்பர் வரைதான் தொழிற்சாலையில் பூசினார்கள். ஜூலையில் அது கிடையாது. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கூனிக் குறுகிப் போனேன்.

வீட்டுக்கு வந்து அதே ஆத்திரத்தில் அந்த டிவிஷனைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். 1944 ஜூன் 10ஆம் தேதி, அதே டாஸ் ரைக்கின் ஆட்கள் பிரான்சில் ஒராதூர்-சுர்-கிளான் என்கிற ஊருக்குள் நுழைந்தார்கள். ஆண்களைக் கொட்டகைகளில் அடைத்துச் சுட்டார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் தேவாலயத்துக்குள் அடைத்துத் தீ வைத்தார்கள். ஒரே நாளில் 640க்கும் மேற்பட்ட ஊர்க்காரர்கள் செத்தார்கள். அந்தப் படையின் சின்னத்தைத்தான் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு சாமணத்தால் எடுத்து டேங்கில் ஒட்டியிருந்தேன். கண்காட்சியில் நூறு பேராவது என் டைகரைப் பார்த்திருப்பார்கள். பூச்சு தப்பு என்று சொல்ல ஆள் இருந்தது. சின்னம் யாருடையது என்று கேட்க ஒருவர்கூட இல்லை. நானே கேட்டுக்கொள்ளவில்லையே!

இதைச் சொன்னால் எங்கள் ஆட்களிடம் ரெடியாக ஒரு பதில் உண்டு. “நமக்கு மெஷின்தான் முக்கியம், அரசியல் வேண்டாம்.” கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் மெஷின் தானாக ஓடியதா? டைகருக்குள் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதன் வாய்க்கு எதிரே இன்னும் எத்தனையோ பேர் நின்றார்கள். சேற்றுக்கும் தூசிக்கும் துருவுக்கும் எங்களிடம் தனித்தனிக் குப்பி இருக்கிறது. துருவில் மட்டும் புதுத் துரு, பழைய துரு, மழையில் வழிந்த துரு என்று வகை பிரிப்போம். ரத்தத்துக்கு மட்டும் எங்கள் மேசையில் குப்பி இல்லை. இரும்பு படுகிற பாட்டை இவ்வளவு நுணுக்கமாகக் காட்டிவிட்டு, ஆள் பட்ட பாட்டைத் துடைத்து எடுத்தால் அதற்குப் பெயர் துல்லியமா? பாதியைச் சொல்லி மீதியை மறைப்பதை நம்மூரில் பொய் என்றுதான் சொல்வார்கள்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு கூட்டம் இருக்கிறது. “போர் வண்டியைப் பொம்மை ஆக்குவதே வன்முறை, இதையெல்லாம் செய்யவே கூடாது” என்பார்கள். பெரும்பாலும் கவிதை வாசிக்கிற நண்பர்கள். அவர்களிடம் சொல்வேன்: எங்கள் ஆற்றங்கரைக்கு வந்து பாருங்கள். கொற்கையிலிருந்து மேற்கே போனால் ஆதிச்சநல்லூர். 1900 வாக்கில் அலெக்சாண்டர் ரீ அங்கே தோண்டியபோது தாழிகளோடு இரும்பு வாளும் ஈட்டியும் கிடைத்தன. கூடவே வெண்கலத்தில் செய்த குட்டி எருமை, ஆடு, சேவல், மான். செத்தவர்கள் பக்கத்தில் சின்ன உருவங்களை வைத்த ஊர் இது. இன்னும் மேற்கே போனால் அம்பாசமுத்திரம் மரச் சொப்பு. அம்மா அடுப்பைத் தொடுமுன் மகள் சொப்பில் சோறு பொங்கிப் பழகுவாள். பெரிதாக இருப்பது பயமுறுத்தும், இல்லையென்றால் மலைக்க வைக்கும். சின்னதாக்கிக் கையில் எடுத்தால்தான் திருப்பித் திருப்பிப் பார்க்க முடியும். பொம்மை செய்வதில் குற்றமே இல்லை. எதைப் பார்க்கச் செய்கிறோம், எதைப் பார்க்காமல் இருக்கச் செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

ஆதிச்சநல்லூருக்கு ரீக்கு முன்பே, 1876இல், ஜெர்மன்காரர் ஜாகோர் வந்து தோண்டி, கிடைத்ததை அள்ளிக்கொண்டு பெர்லினுக்குப் போனார். நாம் பதிலுக்கு அவர்கள் டேங்கைக் காசு கொடுத்து வரவழைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறோம். நல்ல பண்டமாற்று!

நமக்குப் பக்கத்தில் போர் வண்டியே இல்லையா? இருக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம், ஏ9 சாலையோரம், ஆனையிறவில் துருப்பிடித்து நிற்கிறது. மண் அள்ளுகிற புல்டோசர் மேல் இரும்புத் தகடுகளை அடைத்துக் கவச வண்டியாக்கியிருந்தார்கள் புலிகள். 1991 ஜூலையில் ஆனையிறவு ராணுவ முகாமை அவர்கள் தாக்கியபோது இறக்கியது. யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பெருநிலத்தோடு இணைக்கிற ஒடுக்கமான நிலம் அது. சுற்றிலும் உப்பளம், பரவைக்கடல், ஒளிய ஒரு மரம் இல்லாத வெட்டவெளி. அந்த வெளியைக் கடக்கத்தான் இந்த இரும்பு. சிங்க ரெஜிமெண்டைச் சேர்ந்த லான்ஸ் கார்ப்பரல் காமினி குலரத்ன கையெறிகுண்டுகளோடு அதன்மேல் ஏறி, அதை நிறுத்தி, அங்கேயே செத்தார். இலங்கையின் உயர்ந்த போர் விருதான பரம வீர விபூஷணய முதலில் கொடுக்கப்பட்டது அவருக்குத்தான். ராணுவம் வெற்றிலைக்கேணியில் கடல் வழியாகப் படையை இறக்கி முகாமைத் தக்கவைத்தது. 2000 ஏப்ரலில் முகாம் புலிகள் கைக்குப் போனது. 2009 ஜனவரியில் மறுபடி ராணுவத்திடம் வந்தது. இன்று வண்டி காமினியின் நினைவுச் சின்னம். சுற்றுலா வருகிறவர்கள் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

இதைக் கட்டுவது என்று முடிவு செய்தேன். டைகருக்குப் பெட்டியும் வரைபடமும் கடையில் கிடைக்கும். இதற்கு எல்லாவற்றையும் நானே செய்ய வேண்டியிருந்தது. திருச்செந்தூர்க் கோயில் கடையில் பொம்மைப் பொக்லைன் வாங்கி அதன் சங்கிலிப் பட்டையைப் பிரித்துக் கோத்தேன். தகட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டை. ஒரு சென்டிமீட்டர் இரும்பு 1/35இல் 0.3 மில்லிமீட்டருக்கும் குறைவு. டைகரின் முன்கவசம் பத்து சென்டிமீட்டர், அதுவே கிட்டத்தட்ட மூன்று மில்லிமீட்டர் வரும். இரண்டையும் விரலால் தடவிப் பார்த்தால் போதும், யார் எதை நம்பி வெட்டவெளியில் இறங்கினார்கள் என்று தெரிந்துவிடும்.

நீள அகலம் எடுப்பதில்தான் மாட்டினேன். கையிலிருந்தவை சுற்றுலாப் படங்கள் மட்டும். வண்டிக்குப் பக்கத்தில் ஆள் நிற்கிற படங்களாகப் பொறுக்கி, ஐந்தரை அடி ஆள் 1/35இல் நாலே முக்கால் சென்டிமீட்டர் என்று வைத்து, அதிலிருந்து வண்டியைக் கணக்குப் போட்டேன். பதினோரு வருஷத்தில் முதல்முறையாக, வண்டியை அளக்க மனுஷனை அளவுகோலாக வைத்தேன்.

துருவுக்கு உப்பு. துரு நிறம் அடித்து, நனைத்து, கல்லுப்பைத் தூவி, மேலே பெயின்ட் அடித்து, காய்ந்ததும் உப்பைத் தேய்த்து உதிர்த்தால், பெயின்ட் உரிந்து துரு தெரிகிற மாதிரி வரும். வெளிநாட்டு வீடியோக்களில் இதை ஏதோ வித்தை மாதிரி காட்டுவார்கள். எங்களுக்குத் தூத்துக்குடி உப்பு அடுக்களையிலேயே இருக்கிறது. ஆனையிறவிலும் உப்புத்தான். போரில் நின்றுபோன அந்த உப்பளம் இப்போது மறுபடி நடக்கிறது.

வேலை முடிகிற நேரத்தில் ஒரு நண்பன் வந்தான். மாவட்டத்தில் உள்ள மறுவாழ்வு முகாம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவன். ரொம்ப நேரம் பார்த்தான். “வடிவாச் செய்திருக்கிறீங்கள் அண்ணை. இதுக்குள்ள இருந்தவை எங்க?”

எனக்குச் சுருக்கென்றது. ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணிக்கொண்டிருந்த நானும் வண்டியை நாலாப்புறமும் மூடி ஒட்டிவிட்டிருந்தேன்.

அவன் அம்மாவின் தம்பி அந்த ஜூலையில் ஆனையிறவில் செத்தவர். இந்த வண்டியில் இருந்தவர் இல்லை, எங்கோ வெளியில். “மாமான்ர படம் ஒண்டுகூட எங்களிட்ட இல்ல, அண்ணை. வரேக்க எல்லாம் விட்டிட்டு வந்தது.” இரும்புக்கு ஆயிரம் படம் இருக்கிறது. அந்த ஆளுக்கு ஒன்று இல்லை.

மேல்தகட்டைப் பெயர்த்தேன். உள்ளே உருவங்களை வைத்தேன். வெளியே ஏணியைப் பிடித்து ஏறுகிற காமினியையும் வைத்தேன். எல்லாரும் ஒரே உயரம்தான், ஐந்து சென்டிமீட்டருக்குள். காமினியை வைத்ததற்கு ஒரு சாரார் துரோகி என்பார்கள். உள்ளே ஆள் வைத்ததற்கு இன்னொரு சாரார் புலி என்பார்கள். சொல்லட்டும். அந்தப் பிள்ளைகளை அந்த வெட்டவெளிக்கு அனுப்பிவைத்த இரண்டு பக்கத்துத் தலைமைகள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. அந்தக் கோபத்தைச் செத்தவர்கள் மேல் காட்ட மாட்டேன்.

உள்ளே இருக்கும் ஒரு முகத்தை அந்த அம்மா சொல்லச் சொல்லச் செய்தேன். “நாடியில ஒரு வெட்டு இருக்கும், சின்னனில கிணத்தடியில விழுந்தது.” 1/35இல் அது ஒரு மில்லிமீட்டர்கூட வராது. ஊசிமுனையால் கீறினேன். அவர் அந்த வண்டியில் இல்லை, எனவே இது தப்பு என்று கண்ணாடியைக் கழற்றி மாட்டிச் சொல்ல ஆள் வரும். தெரிந்தே செய்த தப்பு என்று சொல்லிக்கொள்கிறேன். சிம்மரிட் தப்புக்கு வெட்கப்பட்ட அளவு இதற்கு வெட்கப்பட மாட்டேன்.

என்னைப் போல் மேசையில் குனிந்திருக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். டைகரே கட்டுங்கள், யார் வேண்டாம் என்றது? ஒட்டுகிற சின்னம் யாருடையது என்று ஒரு மணி நேரம் படித்துவிட்டு ஒட்டுங்கள். மேல்மூடியை மட்டும் பசை போட்டு அடைத்துவிடாதீர்கள்.

என் வண்டியின் மேல்தகடு இப்போதும் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறது. போன வாரம் அந்த அம்மா வீட்டுக்கு வந்திருந்தார். நகத்தால் தகட்டைத் தூக்கி உள்ளே பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மூடி வைத்தார்.