பழைய கதைக்குப் புதுப் பாட்டு

பண்டிகை என்றால் பழைய கதையைப் பழையபடியே ஆடிக் காட்டுவதுதான் என்போருக்கு யூதர்களின் சங்கதியைச் சொல்ல வேண்டும். யூதர்களை அடியோடு ஒழிக்கச் சூழ்ச்சி செய்த பாரசீக மந்திரி ஆமானின் கதையை அவர்கள் பூரிம் பண்டிகையில் வருஷந்தோறும் படிக்கிறார்கள். அவன் பெயர் வந்ததும் கிலுகிலுப்பை சுழற்றிக் கூச்சலிடுகிறார்கள். அதையே நாடகமாகவும் போடுகிறார்கள். இப்போது அமெரிக்காவில் பிராட்வே இசை நாடக மெட்டுகளில் புதுப் பாட்டுக் கட்டி, நடப்பு விஷயங்களையும் சேர்த்துக் கேலி செய்து ஆடுகிறார்கள். வேதக் கதையில் கை வைத்தோமே என்று நடுங்குவதில்லை.

புராணத்தை மாற்றலாமா என்று நம்மவர்கள் கேட்பார்கள். மாற்றாமலா இருந்தார்கள்? சேக்கிழார் பாடிய நந்தனார் கதையில் கொடுமைக்கார ஆண்டை இல்லவே இல்லை. கோபாலகிருஷ்ண பாரதியார் சேர்த்ததுதான் அது. ஆனால் இருவர் கதையிலும் நந்தன் நெருப்பில் மூழ்கித்தான் கோயிலுக்குள் போக வேண்டியிருந்தது. அதே கதாகாலட்சேப நடையில் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் கிந்தனாரைப் பாடினார். பாட்டு உடுமலை நாராயணகவி. அண்ணாதுரை எழுதிய ‘நல்லதம்பி’ படத்தில் 1949இல் அது வந்தது. கிந்தன் தேடிப் போனது கோயிலையல்ல, கல்வியை. அதற்கு நெருப்பு தேவைப்படவில்லை.

சின்னமனூர்த் தோழர்களே! திருவிழாவுக்கு வரி கொடுத்து, விடிய விடிய அரிச்சந்திரன் நாடகம் பார்க்கிறோம். சத்தியத்திற்காகப் பெண்டாட்டியை விற்றவனை மெச்சுகிறோம். விற்கப்பட்ட சந்திரமதியின் சம்மதத்தை யாராவது கேட்டதுண்டா? மெட்டு இருக்கட்டும், ஆர்மோனியமும் மிருதங்கமும் இருக்கட்டும். அந்தக் கேள்வியைச் சந்திரமதியே பாடட்டும். வரி நம்முடையது என்றால் பாட்டும் நம்முடையதாக இருக்க வேண்டாமா?