எண்ணிக்கை வேறு, ஆற்றல் வேறு

சிவகாசியில் 1923-ஆம் ஆண்டு முதல் தீப்பெட்டி செய்து வருகிறார்கள். அங்குள்ள எந்தக் கணக்கப்பிள்ளையைக் கேட்டாலும் ஒன்று சொல்லுவார்: பெட்டியில் குச்சி குறைவு என்பது ஒரு புகார், குச்சி பற்றவில்லை என்பது வேறு புகார். முன்னதற்கு எண்ணிப் பார்க்கவேண்டும்; பின்னதற்கு உரசிப் பார்க்கவேண்டும்.

ரத்தத்திலுள்ள தட்டணுக்களின் சங்கதியும் இதுவே. காயம் பட்ட இடத்துக்கு முதலில் ஓடிவந்து, ஒன்றோடொன்று ஒட்டித் துவாரத்தை அடைப்பவை இவை. சுகதேகியின் ரத்தத்தில் ஒரு மைக்ரோ லிட்டருக்கு ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்கும். டெங்குக் காய்ச்சல் புகுந்த வீடுகளில் இந்தக் கணக்கைக் குழந்தைகளும் அறியும். எண்ணிக்கை குறைந்துள்ளபோது ஆற்றலை அளக்கும் பரிசோதனையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைத்தான் பலர் அறியார்.

அப்பரிசோதனைகளில் தலையாயதை 1962-ல் குஸ்டாவ் பார்ன் என்பவர் வெளியிட்டார். ரத்தத்திலிருந்து சிவப்பணுக்களை நீக்கினால் தட்டணுக்கள் மிதக்கும் கலங்கிய நீர் கிடைக்கிறது. அதனூடே ஒளியைச் செலுத்தி, அணுக்களைத் தூண்டும் மருந்தொன்றைச் சேர்த்தால், அவை திரளத் திரள நீர் தெளிந்து ஒளி அதிகமாக ஊடுருவும். பால் திரிந்து கட்டி வேறு, நீர் வேறாவதை நம் வீட்டுப் பெண்மணிகள் பார்த்திருப்பார்கள். ஏறக்குறைய அதே காட்சிதான்.

ஆனால், ஒரு குடம் தண்ணீரில் ஒரே கரண்டிப் பாலை விட்டு அதைத் திரியச் செய்தால் என்ன தெரியும்? நீர் முன்பே தெளிவாக இருக்கிறது. அதைக் கண்டு பாலைக் குறை சொல்லலாமா? எண்ணிக்கை ஒரு லட்சத்துக்கும் வெகுவாகக் குறைந்தவரின் ரத்தத்திலும் இப்படியே ஆகிறது. அணுக்கள் எட்ட எட்ட நிற்பதால் ஒன்றையொன்று சந்திப்பதும் அரிது. நல்ல அணுக்களும் சோம்பேறிகள் என்று பெயர் வாங்குகின்றன. தோலில் சிறு கீறலிட்டு ரத்தம் நிற்கும் நேரத்தைக் கணிக்கும் பழைய முறையிலும் இதே இடர்ப்பாடு உண்டு.

இது வெறும் ஏட்டுச் சர்ச்சையன்று. 1948-ல் பெர்னார், சூலியே என்ற பிரெஞ்சு டாக்டர்கள் இருவர் ஒரு பிறவி நோயை விவரித்தார்கள். அதில் அணுக்கள் குறைவு. இருப்பவையோ பருத்தவை, ஒட்டுந் திறனற்றவை. தாய் தந்தை இருவழியிலும் குறை சேர்ந்தால் பெரும்பாலும் இது தோன்றும். அத்தை மகன், மாமன் மகள் என்று உறவில் மணம் முடிக்கும் நம் பக்கத்தார் இதைக் கவனிக்கவேண்டும். எண்ணும் யந்திரம் பருத்த அணுக்களைத் தட்டணுவென்று கொள்ளாமல் தவறவிடுவதும் உண்டு. எண்ணிக்கை ஒன்றையே நம்பி, உடலே தன் தட்டணுக்களை அழிக்கும் வேறொரு நோயென்று முடிவு கட்டி, ஸ்டீராய்டு மருந்து கொடுத்தும், மண்ணீரலை எடுத்துங்கூடப் பயனில்லாமற்போன நோயாளிகள் உலகில் பலர்.

வழி இல்லாமலில்லை. ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியால் பார்த்தால் பருத்த அணுக்கள் புலப்படும். பிற மருந்துகளுக்கு அணுக்கள் திரண்டு, ரிஸ்டோசெட்டின் என்ற மருந்துக்கு மட்டும் திரளாவிட்டால், அதுவும் தக்க சாட்சியே. அணுக்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் சோதிக்கும் ‘ஃப்ளோ சைட்டோமெட்ரி’ முறைக்கு எண்ணிக்கைக் குறைவு பெருந்தடையன்று. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் இந்நோயுள்ள இந்தியக் குடும்பங்களின் மரபணுக்களையே ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஆகவே, நேயர்களே, “அணுக்களுக்கு ஆற்றலில்லை” என்ற அறிக்கை கைக்கு வந்தால், அன்றைய எண்ணிக்கை என்ன என்று டாக்டரிடம் கேளுங்கள். பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்க நேரமாயிற்றா, வீட்டுப் பெண்களுக்கு மாதந்தோறும் போக்கு மிகுதியா, ஆஸ்பிரின் சாப்பிட்டதுண்டா என்பவற்றை அவர் கேட்குமுன்பே சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்த ஒரு செய்தியை எந்த யந்திரமும் கண்டுபிடித்துத் தராது.