மண்ணுக்குள் ஒரு தறிக்கூடம்!

திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள பொதட்டூர்பேட்டை நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். துணி ஒரே ஆளால் உருவாவது இல்லை என்பது அங்கே சிறுவர்களுக்கும் தெரியும். நூலுக்குச் சாயம் ஏற்ற ஒருவர். பாவு ஓட்ட ஒருவர். தார் சுற்ற ஒருவர். தறியில் உட்கார ஒருவர். ஒருவர் வராவிட்டாலும் வேலை கெடும்.

வயலிலும் இதே கதைதான். ஆனால், அங்கே வேலை செய்கிறவர்கள் மண்ணுக்குள் இருக்கிறார்கள்!

கூலி கேட்காத கூட்டம்

ஒரு தேக்கரண்டி நல்ல மண்ணில் கோடிக்கணக்கான உயிர்கள் வாழ்கின்றன. ஆளுக்கு ஒரு வேலை.

மண்புழு மண்ணைத் துளைத்து, காற்றும் நீரும் இறங்க வழி செய்கிறது. அறிஞர் டார்வின் 1881-ம் ஆண்டில் மண்புழுவைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். இங்கிலாந்தின் பல பகுதிகளில், ஆண்டுக்கு ஏக்கருக்கு 10 டன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் வயிற்றில் புகுந்து வெளியே வருகிறது என்று கணக்கிட்டார்.

நிலக்கடலைச் செடியைப் பிடுங்கினால் வேரில் சிறு முடிச்சுகள் தெரியும். அவற்றில் குடியிருக்கும் நல்ல கிருமிகள், காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றன. வேரை ஒட்டி வாழும் ஒரு பூஞ்சணம், நூல் போல் நீண்டு மணிச்சத்தைக் கொண்டு வருகிறது. இன்னொரு பூஞ்சணம், பயிரை அழுகச் செய்யும் பூஞ்சணத்தையே தின்று விடுகிறது!

காச நோயைத் தீர்க்க உதவிய "ஸ்டெரெப்டோமைசின்" மருந்தும் 1943-ல் மண்ணில் வாழும் கிருமியிடம் இருந்துதான் கிடைத்தது.

பட்டினி போடலாமா?

இந்தக் கூட்டத்துக்கு மனிதன் செய்யும் கைம்மாறு என்ன? கரும்பு வெட்டியதும் சோகைக்குத் தீ வைக்கிறான். அது அவற்றின் சாப்பாடு! அளவுக்கு மீறிப் பூச்சி மருந்து தெளிக்கிறான். பகையோடு நட்பும் சாகிறது. பிறகு, "மண் இறுகி விட்டது" என்று புலம்புகிறான்.

"நுண்ணுயிர் உரம் பொட்டலமாகக் கிடைக்கிறதே, போதாதா?" என்று கேட்கலாம். அது நல்லதுதான். ஆனால், தார் சுற்ற மட்டும் நூறு பேர் வந்தால் துணி வந்து விடுமா? பல வகை உயிர்களும் வேண்டும். வறட்சியில் ஒரு வகை குறைந்தாலும், இன்னொரு வகை அதன் வேலையைப் பார்க்கும்.

சோகையை அப்புறப்படுத்தக் கூலி ஆகிறது என்பது உண்மையே. ஆனால், அதை வரிசைகளுக்கு இடையே பரப்பினால் ஈரம் காக்கும்; மட்கி எருவும் ஆகும். தொழு உரம் இடலாம். ஒரே பயிரை வைக்காமல், கடலை, பயறு என்று மாற்றலாம். மருந்தை அளவோடு நிறுத்தலாம்.

நெசவாளியைப் பட்டினி போட்டுவிட்டு யாரும் துணி கேட்பது இல்லை. மண்ணிடம் மட்டும் அப்படிக் கேட்பது என்ன நியாயம்?