ஆர்க்கிட் செடிக்கு உரம்: கையளவா, நிறையளவா?

நிழல்வலையின் கீழ் ஆர்க்கிட் மலர் பயிரிட முற்பட்டிருக்கும் குடியானவர்களிற் சிலர், வயலுக்கு எருவிட்டுப் பழகிய கையினாலேயே இச்செடிக்கும் உரமிடுகின்றனர். வேர் கருகிச் செடி மடிந்தபின், கன்றின்மீதும் சீதோஷ்ணத்தின்மீதும் குறை கூறுகின்றனர். கன்றின் விலையோ அதிகம். பூக்கும்வரை காத்திருக்கும் காலமும் நீண்டது. இந்நஷ்டத்திற்குப் பல இடங்களில் உரத்தை நிறுத்து இடாமையே காரணம் என்பது எமது அபிப்பிராயம்.

நெல் வயலில் களிமண்ணும் மக்கிய தழையும் உரத்தில் ஒரு பகுதியைப் பற்றிவைத்துப் பயிருக்குச் சிறிது சிறிதாக அளிக்கும். ஆகவே ஒரு கைப்பிடி மிகுந்தாலும் கேடு உடனே தோன்றுவதில்லை. ஆர்க்கிட்டின் இயல்பு வேறு. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் மரக்கிளையைப் பற்றி வளரும் ஆர்க்கிட் இனங்களுக்கு, இலையையும் பட்டையையும் கழுவிவரும் மழைநீரிலுள்ள சொற்ப உப்புக்களே முக்கிய உணவு. தொட்டியிலும் நாம் இடுவது கரியும் ஓட்டுச்சில்லும் தேங்காய் மட்டையுமேயன்றி மண்ணன்று. மண்ணைப்போல் உரத்தின் மிகுதியைத் தாங்கும் வலிமை அவற்றிற்கில்லை. மிகுந்த உப்பு வேரின் பஞ்சு போன்ற மேலுறையில் தங்கி நுனியைக் கருக்கிவிடும்.

தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகிய மூன்றும் நூற்றுக்கு 19 பங்கு வீதமுள்ள கரையும் உரமாயின், லிட்டர் நீருக்கு 1 கிராம் கலந்து வாரம் ஒருமுறை தெளித்தால் வளரும் செடிக்குப் போதும். இளங்கன்றுக்கு அதிற் பாதி. யூரியாவிலோ தழைச்சத்து மாத்திரம் நூற்றுக்கு 46 பங்கு. அதே 1 கிராம், இரண்டு மடங்கிற்கு மேற்பட்ட தழைச்சத்தைச் சேர்த்துவிடும். ஆதலின் மூட்டையின்மேல் அச்சிட்ட எண்ணைப் பாராமல் அளவு பேசுவது வீண்.

ஒரு கிராமை நிறுப்பது எங்ஙனம் என்று கேட்கலாம். கரண்டி உதவாது, தலைதட்டிய கரண்டிக்கும் குவித்த கரண்டிக்கும் பேதம் அதிகம். கடைத் தராசில் 100 கிராம் நிறுத்து, நீரிற் கரைத்து, மொத்தம் 1 லிட்டர் ஆக்குக. இக்கரைசலில் 10 மில்லிலிட்டருக்கு 1 கிராம் உரம் இருக்கும். 10 லிட்டர் வாளிக்கு 100 மில்லிலிட்டர் கலந்தால் கணக்குச் சரியாகும். மாதம் ஒருமுறை வெறும் நீரைத் தொட்டியின் அடியில் வழிந்தோடும்வரை ஊற்றித் தேங்கிய உப்பைக் கழுவுதல் அவசியம். விளிம்பில் வெள்ளைப் பூச்சுக் கண்டால், உப்பு மிகுந்ததென்று அறிந்து உரத்தைக் குறைக்க வேண்டும்.

இத்தனை நுட்பம் குடியானவனுக்கு எதற்கு என்பாருமுண்டு. நெல் விற்கையில் எடை சிறிது குறைந்தாலும் பொறாத நாம், விலை கொடுத்து வாங்கிய உரத்தைக் கண்ணளவில் வாரியிறைப்பது என்ன நியாயம்? நல்ல தராசு ஒன்றும் அளவுக் குவளை ஒன்றும் கிராமக் கூட்டுறவுச் சங்கத்தில் இருந்தால் பலரும் உபயோகித்துக் கொள்ளலாம். கிராம அதிகாரிகளும் நிலச்சுவான்தார்களும் இக்காரியத்தில் முன்னிற்பார்களாக. ஒரு பருவத்தில் மடியாமல் தப்பும் கன்றுகளே அச்செலவை ஈடுசெய்யும் என்பது எமது நம்பிக்கை.